ரஞ்சன்குடி மதிலும் பாஞ்சாலங்குறிச்சி மண்ணும்

2025-ம் வருஷம் ஜூலை மாதத்தில் யுனெஸ்கோ என்னும் சர்வதேச ஸ்தாபனம், மகாராஷ்டிரர் கையாண்ட கோட்டைகளுள் 12-ஐ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அங்கீகரித்தது. அவற்றுள் 11 மகாராஷ்டிர ராஜ்யத்தில் உள்ளவை. எஞ்சிய ஒன்று நமது செஞ்சி. தமிழ் மக்கள் மனமகிழத் தக்க செய்தியே இது. ஆயினும் நமக்கு ஒரு குறையுண்டு. உலகோர் வந்து மெச்சிய பிறகுதான் நம் வீட்டு முற்றத்தில் கிடக்கும் பொருளை நாம் திரும்பிப் பார்ப்பது என்பது நெடுநாளாக நம்மைப் பற்றிய வழக்கமாகிவிட்டது. செஞ்சியை இன்று எல்லோரும் அறிவர். திட்டக்குடியிலுள்ள ஒரு பள்ளி மாணவனை நிறுத்தி, "தம்பி, உன் ஊருக்கு அண்மையில் உள்ள கோட்டை எது? அங்கே என்ன நடந்தது?" என்று கேட்டால், எத்தனை பேர் விடை கூறுவர்?

திட்டக்குடி வெள்ளாற்றின் வடகரையில், வைத்தியநாத சுவாமி கோயில் கொண்டெழுந்த ஊர். அங்கிருந்து மேற்கே தொழுதூருக்குச் சென்று, திருச்சி நெடுஞ்சாலையில் தெற்கே திரும்பி ஆற்றைக் கடந்தால், சாலைக்கு அண்மையில் பாறையின் மீது கருங்கல் மதிலொன்று தோன்றும். அதுவே ரஞ்சன்குடிக் கோட்டை. நாள்தோறும் ஆயிரக்கணக்கான வண்டிகள் அதைக் கடந்து சென்னைக்கும் திருச்சிக்கும் பறக்கின்றன. நின்று பார்ப்போர் சிலர். நின்றவருள்ளும் சரித்திரம் கேட்போர் மிகச் சிலர்.

இக்கட்டுரையை நாம் இளைஞர்களுக்கென்றே எழுதுகிறோம். ஊர்தோறும் பொதுக் காரியம் செய்யும் அன்பர்கள் இதைப் படித்து, ஓய்ந்த வேளையில் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்வார்களாயின் நாம் எழுதியது வீண்போகாது.

கோட்டை என்பது யாது? பகைவன் உள்ளே புகாவண்ணம் கட்டிய இடம் என்று எளிதாகக் கூறிவிடலாம். நம் முன்னோர் அதனினும் நுட்பமாக எண்ணினர். நீர், வெட்டவெளி நிலம், மலை, காடு ஆகிய நான்கையுமே அவர்கள் அரணாகக் கொண்டனர். கட்டிய மதில் அவற்றோடு சேர்ந்தது. தொல்காப்பியத்தில் பகைவர் மதிலை முற்றுகையிடும் போர் உழிஞைத் திணையாகப் பேசப்படுகிறது. மதிலைக் காத்து நிற்பதற்கு நொச்சி என்று பின்வந்தோர் தனிப் பெயரே இட்டனர். வள்ளுவர் அரணுக்கென்று ஓரதிகாரம் வகுத்துப் பத்துக் குறட்பாக்கள் செய்தார். ஒன்பது பாக்களில் அரணின் சிறப்பையெல்லாம் அடுக்கிய அப்பெரியார், பத்தாவதில், செயலிற் சிறந்தவர் உள்ளே இல்லையாயின் எத்துணைச் சிறந்த அரணும் பயனற்றதே என்று முடித்துவிட்டார். இதனை இளைஞர்கள் நினைவில் வைத்துக்கொண்டு மேலே வரட்டும்.

பகைவன் ஒருவன் பழைய கோட்டையொன்றை நெருங்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். முதலில் அவனைத் தடுப்பது காவற்காடு. முள்ளும் மூங்கிலும் அடர்ந்தது. அதைக் கடந்தால் அகழி. அகழியைத் தாண்டினால் மதில். மதில் நேர்கோடாக நெடுக ஓடுவதில்லை. இடையிடையே அரைவட்டமாகப் புடைத்து வெளியே வந்திருக்கும். இதற்குக் கொத்தளம் என்று பெயர். அழகுக்காக அவ்வாறு கட்டினார்கள் என்று எண்ணற்க. நேரான மதிலின் மேல் நிற்கும் வீரன், மதிலின் அடியில் ஒட்டிக்கொண்டு ஏணி சாத்தும் பகைவனைக் காணமாட்டான். காண வேண்டுமாயின் தலையை வெளியே நீட்டவேண்டும். நீட்டினால் தலை போகும். கொத்தளத்தில் நிற்பவனோ தன் இருபுறத்து மதிலடியையும் பக்கவாட்டில் பார்த்துச் சுடலாம். மதிலின் மேல் பல் வரிசைபோல் எழுந்து நிற்பவை ஞாயில்கள். அவற்றின் மறைவில் நின்று அம்பெய்தார்கள், பின்னர்த் துப்பாக்கி சுட்டார்கள்.

வாயிலைப் பாருங்கள். பெரிய கோட்டைகளில் உள்ளே புகும் வழி நேரே செல்வதில்லை. ஒரு முறை, இரு முறை திரும்பித் திரும்பிச் செல்லும். யானையைக் கொண்டு கதவை உடைப்பது அந்நாளைய வழக்கம். யானை மோதுவதற்கு ஓட்டம் வேண்டும். வழி வளைந்திருந்தால் ஓட்டம் ஏது? வளைவில் தடுமாறும் படையின் தலைமேல் மூன்று பக்கத்து மதிலிலிருந்தும் கல்லும் குண்டும் விழும். ரஞ்சன்குடியில் அகழியையும் அரைவட்டக் கொத்தளங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று அடுக்கில் ஏறும் அரணையும் கண்ணாரக் காணலாம். ஆற்காட்டு நவாபுக்கு உட்பட்ட ஜாகீர்தார் ஒருவரால் பதினேழாம் நூற்றாண்டில் கட்டப்பட்டதென்பர். வெட்டிய கருங்கல்லை அடுக்கிய நேர்த்தியைப் பார்க்கும்போது, கட்டுவித்தவன் பெயரைக் காட்டிலும் அக்கல்லைச் செதுக்கிய தச்சன் பெயரையல்லவா அறிய வேண்டுமென்று நமக்குத் தோன்றுகிறது. அதை எழுதி வைத்தவர் ஒருவருமில்லை.

இவையனைத்தினும் பெரிது தண்ணீர். மதில் எத்துணை உயரமாயினும் உள்ளே சுனை வற்றினால் கோட்டை வீழ்ந்தது. செஞ்சியில் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று குன்றுகளையும் வளைத்துச் சுமார் 13 கிலோமீட்டர் நீளத்துக்கு மதில் ஓடுகிறது. ராஜகிரியோ ஏறக்குறைய 800 அடி உயரம். ஆயினும் அங்கே செல்லும் இளைஞர்கள் மதிலை மட்டும் வியந்து திரும்பாமல், சுனைகளையும் குளங்களையும் நெற்களஞ்சியங்களையும் தேடிப் பார்க்க வேண்டும். நீண்ட முற்றுகையைத் தாங்கிய வலிமை அங்கேதான் இருந்தது.

அந்தச் செஞ்சியின் கதை நீளமானது, சுருக்கிச் சொல்லுகிறோம். கோனார் மரபினர் தொடங்கினர் என்பது வழக்கு. விஜயநகரத்தின் கீழ் நாயக்கர்கள் பெருக்கினர். 1649-ல் பீஜப்பூர் சுல்தானுக்குப் போயிற்று. 1677-ல் சிவாஜி மகாராஜா கைப்பற்றி அரணைப் பலப்படுத்தினார். அவருடைய மூத்த குமாரர் சம்பாஜியை ஒளரங்கசீப் 1689-ல் கொன்றபோது, இளைய குமாரர் ராஜாராம் மகாராஷ்டிரத்தை விட்டுத் தப்பி வந்து புகலடைந்தது இந்தச் செஞ்சியிலேதான். மொகலாயப் படை 1690 முதல் 1698 வரை அதனைச் சூழ்ந்து நின்றது. பன்னூறு காத தூரத்திலிருந்து வந்த மன்னர் ஒருவர் தமிழ் நாட்டுக் குன்றின்மேல் நின்று தம் தேசத்தின் சுதந்திரத்தைக் காத்தார் என்பதை எண்ணும்போது எவருக்கு மயிர்க் கூச்செறியாது?

ஆனால் பிள்ளைகளுக்கு உண்மையை ஒளியாது கூற வேண்டும். அதே 1690-ல், மொகலாயப் படை தம்மை நோக்கி வரும் வேளையில், ராஜாராமின் அரசு கடலோரத்தில் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலக் கும்பினியாருக்குக் கிரயம் செய்து கொடுத்தது. முற்றுகையை எதிர்நோக்கி நின்ற அரசுக்குப் பணம் வேண்டியிருந்தது. கும்பினியாரிடம் பணம் இருந்தது. கோட்டையோடு எவ்வளவு நிலம்? கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு போய் விழும் தூரமெல்லாம் கும்பினியாருக்கு என்று ஒப்பந்தம்! சென்னையிலிருந்து நல்ல பித்தளைப் பீரங்கியொன்றைக் கொண்டுவந்தார்கள். நாற்புறமும் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் அகப்பட்ட ஊர்களெல்லாம் அன்று முதல் அவர்களுடையவை ஆயின. அவ்வூர்களில் உழுது கொண்டிருந்த குடியானவனை எவரும் ஒரு வார்த்தை கேட்டாரில்லை. ஜனங்கள் அவற்றைக் குண்டு கிராமங்கள் என்றழைத்தனர். கடலூரை அடுத்துக் குண்டு உப்பலவாடி என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. செயின்ட் டேவிட் கோட்டை எனப் பெயர் பெற்ற அந்தத் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1758-ல் பிரெஞ்சுத் தளகர்த்தர் லாலி பிடித்து இடித்துத் தள்ளினார். கோட்டை போயிற்று, குண்டின் பெயர் மட்டும் ஊரைவிட்டுப் போகவில்லை.

இனி நம் திட்டக்குடிப் பக்கத்துக்கு வருவோம்.

1749-ல் ஆம்பூரில் நடந்த யுத்தத்தில் ஆற்காட்டு நவாப் அன்வருத்தீன் மாண்டார். நவாப் பட்டம் யாருக்கு என்று இருவர் போட்டியிட்டனர். ஒருவர் சந்தா சாகிப். அவர் பின்னே புதுச்சேரி துய்ப்ளே. மற்றவர் மாண்ட நவாபின் குமாரர் முகம்மதலி. அவர் பின்னே ஆங்கிலக் கும்பினி. போட்டியிட்ட இருவரும் இந்நாட்டார். அவர்கள் நம்பிய பீரங்கி இந்நாட்டதன்று. முகம்மதலி திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்குள் ஒதுங்கினார். கடலோரத்திலிருந்த கும்பினியாருக்குத் திருச்சிக்குப் போக வழி வேண்டும். அந்த வழியின் குறுக்கே நின்றது விருத்தாசலம்.

விருத்தாசலத்தில் கோட்டை ஏது என்று கேட்பீர்கள். பழமலைநாதர் திருக்கோயிலின் மதிலே கோட்டையாயிற்று! சந்தா சாகிபின் படையொன்று அங்கே காவல் இருந்தது. 1751-ம் வருஷம் காப்டன் ஜிஞ்சன்ஸ் என்பவரின் தலைமையில் தேவனாம்பட்டினத்திலிருந்து சென்ற ஆங்கிலப் படையும் முகம்மதலியின் படையும் அதைச் சூழ்ந்து, பணிய வைத்து, தம் காவலை வைத்துவிட்டு மேற்கே சென்றன. அந்நாளில் இந்தக் கதி விருத்தாசலத்துக்கு மட்டுமன்று. 1752-ல் திருவரங்கத்துப் பிராகாரங்களுக்குள் பிரெஞ்சுப் படை பதுங்கியது. 1781-ல் சிதம்பரம் கோயில் மதிலுக்குள்ளிருந்த ஹைதரலியின் காவற்படையிடம் அயர் கூட் என்ற ஆங்கிலத் தளபதி அடிபட்டுத் திரும்பினார். அடியார் வலம் வந்த வீதியில் வெடிமருந்துப் பீப்பாயை உருட்டினார்கள். நம் நாட்டில் கற்றளிகள் பலமாகக் கட்டப்பட்டிருந்ததே அவற்றுக்குத் தீங்காய் முடிந்தது.

விருத்தாசலத்தை விட்ட அப்படை, வெள்ளாற்றுக்குத் தெற்கே ரஞ்சன்குடியின் முன் வந்து தங்கியது. சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் எதிர்ப்புறத்தில் வந்து இறங்கினர். விருத்தாசலத்துக்கும் ரஞ்சன்குடிக்கும் இடையே ஆற்றங்கரையில் இருப்பது திட்டக்குடி. அப்படைகளின் புழுதி இவ்வூர்க் கூரைகளின்மேல் படியாதிருந்திருக்குமோ? ஆங்கிலேயர் எழுதிய சரித்திரங்களில் இந்த இடம் அண்டையிலுள்ள வாலிகண்டபுரத்தின் பெயரைச் சிதைத்து 'வல்கொண்டா' என்று வழங்குகிறது.

கோட்டைக்குள் இருந்தவன் ஒரு கில்லேதார். இரு தரத்தாரும் அவனுக்குத் தூது விடுத்தனர். கோட்டையைத் திறந்துவிடு, இன்னது தருகிறோம் என்றனர். அவன் இவர்களுக்கும் நயமாகப் பதில் சொன்னான், அவர்களுக்கும் நயமாகப் பதில் சொன்னான். எவன் ஜெயிப்பான் என்று தெரிந்த பிறகு கதவைத் திறக்கலாம் என்பது அவன் கருத்து. நாட்கள் ஓடின. முகம்மதலியின் தரத்தார் பொறுமையிழந்து ஊரைத் தாக்கினர். மண்சுவர் சூழ்ந்த பேட்டை எளிதில் வீழ்ந்தது, கல்கோட்டை வீழவில்லை. உடனே கில்லேதார் பிரெஞ்சுக்காரருக்கு ஆள் அனுப்பினான். அவர்கள் வந்து சேர்ந்தார்கள். மறுநாள் சண்டையில் ஆங்கிலச் சிப்பாய்களைக் கிலி பிடித்தது. வெள்ளைப் பட்டாளம் உத்தியோகஸ்தர்கள் கூவி அழைத்தும் நில்லாமல் ஓடிற்று. கூடவிருந்த இந்நாட்டுத் துருப்புகள் நின்றிருக்க, அவர்கள் ஓடினார்கள் என்று ஆங்கிலேயரின் சரித்திராசிரியரே எழுதியிருக்கிறார். ஊட்டத்தூர் வழியாகப் பின்வாங்கித் திருச்சி போய்ச் சேர்ந்தது அப்படை. அதனோடு இருந்தவர் ராபர்ட் கிளைவ்.

இந்தக் கில்லேதாரைத் துரோகி என்று சொல்லிவிடுவது எளிது. பிள்ளைகளும் அப்படியே சொல்வார்கள். அவர்களை நாம் திருப்பிக் கேட்க வேண்டும்: யாருக்குத் துரோகி? முகம்மதலிக்கா? சந்தா சாகிபுக்கா? இருவரில் எவன் ஆண்டால் வெள்ளாற்றுக் குடியானவனுக்கு வரி குறைந்திருக்கும்? நாடு என்ற ஒன்று அக்கில்லேதாரின் மனத்தில் இல்லை. அவன் மேசைமேல் இருந்தவை இரண்டு எஜமானர்களின் கடிதங்கள் மட்டுமே. நாடு என்ற எண்ணம் அன்று இத்தேசத்தில் எத்தனை பேர் மனத்தில் இருந்தது? அத்துணை அழகிய கொத்தளங்கள் இருந்தும், அந்தக் கோட்டை காத்தது எதனை என்று கேட்டால், கில்லேதாரின் பதவியை என்பதற்கு மேல் விடை கிடையாது. நமது கோட்டைகளின் வீழ்ச்சிக்கு இதனினும் தெளிவான காரணத்தை வேறெங்கும் தேட வேண்டியதில்லை. பீரங்கி இரண்டாவது காரணமே.

ரஞ்சன்குடியில் ஓடிய படையிலிருந்த கிளைவ் சில வாரங்களுக்குள் என்ன செய்தார் என்பதைப் பிள்ளைகள் அறிவார்கள். ஐரோப்பியர் 200 பேரும் நம் நாட்டுச் சிப்பாய்கள் 300 பேரும் கூடிய சிறு படையோடு ஆற்காட்டுக்குச் சென்று, காவலற்றுக் கிடந்த கோட்டையைப் பிடித்து, 50 நாள் முற்றுகையைத் தாங்கினார். அந்த ஆற்காட்டுக் கோட்டை மதில் இடிந்தது, அகழி தூர்ந்தது. ரஞ்சன்குடியோடு ஒப்பிட்டால் அஃது ஒரு கோட்டையே அன்று. ஆயினும் நின்றது. ஏன்? உள்ளே இருந்தவர்கள் ஒரே எண்ணத்தோடிருந்தார்கள். மெக்காலே பிரபு இதைப் பற்றி எழுதும்போது, உணவு குறைந்த காலத்தில் சிப்பாய்கள் தாமே வந்து, சோற்றை வெள்ளையருக்குக் கொடுங்கள், வடித்த கஞ்சி எங்களுக்குப் போதும் என்றார்கள் என ஒரு கதை சொல்லிப் பெருமைப்படுகிறார். பெருமைதான், யாருக்குப் பெருமை என்பதே கேள்வி. தன் பிடிச் சோற்றை விட்டுக் கொடுத்துக் கஞ்சி குடித்த அந்த மனவுறுதி நம் மக்களுடையது. அது அந்நியன் கொடிக்குச் செலவாயிற்று.

அந்த உறுதி நம் பக்கத்துக்கே பயன்பட்டால் என்ன ஆகும் என்பதையும் காட்டியவர்கள் உண்டு. அதற்குத் தெற்கே திருநெல்வேலிச் சீமைக்குப் போக வேண்டும்.

பாஞ்சாலங்குறிச்சியின் கோட்டை கல் அன்று, மண். மண் என்றவுடன் இளைஞர்கள் இகழ வேண்டாம். விருத்தாசலத்தில் பீங்கான் செய்யும் தொழிலாளியைக் கேட்டால் மண்ணின் குணத்தைச் சொல்லுவான். பீரங்கிக் குண்டு கருங்கல்லில் பட்டால் கல் சிதறும். சிதறிய கல் உள்ளிருப்பவனைக் கொல்லும். நன்றாகக் குழைத்து இறுகக் காய்ந்த கனத்த மண்சுவரில் பட்டால் குண்டு புதைந்து நின்றுவிடும். இரவில் வேறு மண் அப்பினால் காலையில் சுவர் பழையபடி. 1799 செப்டம்பர் 5-ல் மேஜர் பானர்மன் அக்கோட்டையைத் தாக்கியபோது முதல் தாக்குதல் பலிக்கவில்லை. பெரும் பீரங்கிகள் வரும் செய்தி கேட்டுக் கட்டபொம்மன் கோட்டையை விட்டு வெளியேறினார். புதுக்கோட்டைத் தொண்டைமான் அவரைப் பிடித்துக் கும்பினியாரிடம் ஒப்புவித்தார். அக்டோபர் 16-ல் கயத்தாற்றில் தூக்கிலிட்டனர். கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கினர்.

கதை முடிந்ததென்று கும்பினியார் எண்ணினார்கள். கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையில் இருந்தார். 1801 பிப்ரவரி 2-ம் நாள் மாலை, துரைமார்கள் மேஜர் மெக்காலே வீட்டு விருந்தில் இருக்கையில், ஊமைத்துரையும் உடனிருந்தோரும் சிறையை உடைத்துத் தப்பினர். (இந்த மேஜர், முன் சொன்ன மெக்காலே பிரபுவுக்குப் பெரிய தகப்பனார் முறை. ஆற்காட்டுக் கோட்டையை மெச்சி எழுதியவர் தம் குடும்பத்தார் கண்ட இந்தக் கோட்டையைப் பற்றியும் அதே மெச்சுதலோடு எழுதியிருந்தால் நாம் மகிழ்ந்திருப்போம்.) ஒரு வாரம் சென்றது. படை திரட்டிக்கொண்டு மெக்காலே பாஞ்சாலங்குறிச்சிக்கு வந்தபோது கண்டது என்ன? தரைமட்டமாக்கப்பட்ட இடத்தில் கோட்டை எழுந்து நின்றது!

எப்படி எழுந்தது? கூலி கொடுத்துக் கட்டியதன்று. சுற்று வட்டாரத்து ஜனங்கள் மண் சுமந்தார்கள். வந்த படை அதைத் தாக்கத் துணியாமல் திரும்பிற்று. மார்ச் 31-ல் மறுபடி வந்து மோதிற்று. பலத்த சேதத்தோடு துரத்தப்பட்டது. பின்னர் அக்னியூ என்ற தளபதி பெரும் பீரங்கிகளோடு வந்து, மதிலைத் துளைத்து, மே 24-ல் கோட்டையைக் கைப்பற்றினார். ஆக, ஒரு வாரத்தில் எழுப்பிய மண்கோட்டை மூன்று மாதத்துக்கு மேல் கும்பினியின் பட்டாளத்தை நிறுத்தி வைத்தது. ரஞ்சன்குடிக் கருங்கல்லோ ஒரு கடிதத்துக்கு வாயில் திறந்தது. உள்ளிருந்தவர்களை வள்ளுவர் ஏன் கடைசியில் சொன்னார் என்பது இப்போது விளங்குகிறதா?

ஊமைத்துரை தப்பிச் சென்று மருது சகோதரரிடம் சேர்ந்தார். அக்டோபர் 24-ல் மருதிருவரையும் திருப்பத்தூரிலும், நவம்பர் 16-ல் ஊமைத்துரையைப் பாஞ்சாலங்குறிச்சியிலும் தூக்கிலிட்டனர். கோட்டையிருந்த மண்ணை உழுது ஆமணக்கு விதைத்தார்கள் என்று அந்நாட்டார் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். 1974-ல் தமிழ்நாடு அரசாங்கம் அங்கே நினைவுக் கோட்டை எழுப்பியது.

1801 டிசம்பர் 1-ல் சென்னைக் கவர்னர் ஒரு பிரகடனம் வெளியிட்டார். பாளையக்காரர்களின் கோட்டைகள் இடிக்கப்பட வேண்டும். அவர்களோ குடிகளோ ஆயுதந் தாங்கலாகாது. அக்கவர்னர் யார் தெரியுமா? எட்வர்டு கிளைவ்; ராபர்ட் கிளைவின் குமாரர். தகப்பனார் ரஞ்சன்குடி மதிலின் கீழே ஓடும் படையை நிறுத்த முடியாமல் நின்ற வருஷம் 1751. மகன் தென்னாட்டுக் கோட்டைகளையெல்லாம் இடிக்க உத்தரவு போட்ட வருஷம் 1801. நடுவில் சரியாக ஐம்பது வருஷம். தேசமொன்று கைமாறுவதற்கு அவ்வளவு காலந்தான் ஆயிற்று.

இதன் பின் நம் நாட்டில் கோட்டை என்றால் ஜனங்கள் நினைத்தது சிறையையும் கச்சேரியையுமே. ஆயினும் 1806 ஜூலை 10-ல் வேலூர்க் கோட்டைக்குள்ளேயே நெருப்பெழுந்தது. நெற்றிக் குறியையும் தாடியையும் விலக்கி, புதுத் தலைப்பாகையைத் திணித்த உத்தரவை எதிர்த்து, கும்பினியின் சோற்றைத் தின்ற சிப்பாய்களே எழுந்து கோட்டையைக் கைப்பற்றினர். சில மணி நேரந்தான். ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி என்பவர் குதிரைப் படையோடு விரைந்து வந்து அதனை இரத்தத்தில் அவித்தார். நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் மாண்டனர். ஆற்காட்டில் கஞ்சி குடித்த சிப்பாயின் பேரன் வேலூரில் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்தான் என்று நாம் பிள்ளைகளுக்குச் சொன்னால், அது உவமையே ஆயினும் பொய்யாகாது.

சென்னையிலுள்ள செயின்ட் ஜார்ஜ் கோட்டையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1639-ல் கிடைத்த நிலத்தில் எழுந்தது. இன்று நம் சட்டசபை கூடும் இடம். ஆனால் ஒரு செய்தியை மட்டும் விடக் கூடாது. 1932 ஜனவரி 26-ம் தேதிக்கு முந்திய இரவில், ஆர்யா என்று அழைக்கப்பட்ட பாஷ்யம் என்னும் இளைஞர் காவலையும் மீறி அக்கோட்டைக் கொடிமரத்தில் ஏறி மூவர்ணக் கொடியைக் கட்டினார். மதிலைத் துளைக்கவில்லை, பீரங்கி கொண்டு போகவில்லை, கைகால் வலியும் ஒரு துணியுமே அவர் ஆயுதம். 1947 ஆகஸ்டு 15 காலையில் அக்கோட்டையில் ஏற்றிய கொடியை அங்குள்ள அருங்காட்சியகத்தில் காத்து வைத்திருக்கிறார்கள். சென்னைக்குப் போகும் இளைஞர்கள் கடற்கரையைப் பார்த்துவிட்டுத் திரும்பாமல் இதனையும் பார்த்து வரலாம்.

மீண்டும் ரஞ்சன்குடி. அஃது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். இத்தகைய சின்னங்களைச் சிதைப்பவர்க்கு 1958-ம் வருஷத்துச் சட்டத்திலும், அதற்கு 2010-ல் செய்த திருத்தத்திலும் இரண்டு வருஷம் வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமிருக்கிறது. ஆனால் நாடெங்கும் பழைய மதில்களில் காதலர் பெயரும் கட்சிச் சின்னமும் கிறுக்கியிருப்பதைக் காண்கிறோம். கட்சிக்காரர்கள் இப்பத்திரிகையைப் படிப்பவர்களாதலின் அவர்களிடம் நேரே சொல்லுகிறோம்: உங்கள் தொண்டர்களை முதலில் தடுங்கள். ஆமணக்கு விதைத்த அந்நியன் ஒரு கோட்டையைத்தான் அழித்தான்.

திட்டக்குடி, பெண்ணாடம், தொழுதூர்ப் பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்களும் பெற்றோரும் வருஷத்துக்கு ஒரு முறையாவது பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்ல வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். தொலைவில்லை; காலையில் புறப்பட்டால் மாலைக்குள் வீடு திரும்பலாம். மேலடுக்கில் வடக்கே முகம் வைத்து நிறுத்தி, ஆறு இருக்கும் திசையைக் காட்டி, இரு படைகளும் எங்கெங்கே இறங்கியிருக்கும் என்று அவர்களையே ஊகிக்கச் சொல்லுங்கள். கில்லேதாரின் இடத்தில் நீ இருந்தால் என்ன செய்திருப்பாய் என்றும் கேளுங்கள். விடை உடனே வரவேண்டுமென்பதில்லை. உச்சிப் பொழுதுக்குள் இறங்கிவிடுவது நலம், பாறை சுடும். குடிதண்ணீர் கையோடு கொண்டு போகவும்.